மாடியில் டெஸ்க்டாப், கீழே லேப்டாப், நடுவில் இரண்டு ரவுட்டர்

அப்பா எடுத்த பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்யும் வேலையை நானும் அக்காவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஸ்கேனர் மாடியில் என் டெஸ்க்டாப்போடு இருக்கிறது. படத்தில் இருப்பவர் யார், அது யாருடைய கல்யாணம், யார் மடியில் இருப்பது யாருடைய குழந்தை என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். நான் ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டே வருவேன். அவர் கீழே உட்கார்ந்து தன் லேப்டாப்பில் ஒவ்வொரு படமாகத் திறந்து பெயர் வைப்பார்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கும். கீழே பெயர் வைத்தது ஒன்று, மேலே வெறும் எண்ணோடு கிடப்பது ஒன்று. கொஞ்ச நாளில் எது சரியானது என்பதே குழம்பிவிடும். இணையத்தில் ஏற்றி இறக்கலாம் என்றால், 4க்கு 6 அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து சுருக்காமல் சேமித்தால் கிட்டத்தட்ட 26 எம்பி வருகிறது. எங்களிடம் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு மாடிப்படி தூரத்துக்காக அத்தனையையும் வெளியே அனுப்பித் திரும்ப வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபோல்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும், இருவரும் அதையே திறக்க வேண்டும். அதற்கு விண்டோஸின் ஃபைல் ஷேரிங்தான் வழி, அதாவது ஒரு கணினியில் உள்ள ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியிலிருந்து திறக்கும் ஏற்பாடு.

பழைய லேப்டாப்பில் இது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அக்கா லேப்டாப்பை மாற்றினார். ஏறக்குறைய அதே சமயத்தில், மாடியில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று இணைப்பு கொடுத்தவர்களின் ஆள் வந்து மேலே இன்னொரு ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கீழேயிருந்து ஒரே குரல்: "தம்பி, உன் கம்ப்யூட்டரே இங்க இல்லைன்னு சொல்லுது."

திரையில் வந்தது நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்ற செய்தி, கூடவே 80070035 என்று முடியும் ஒரு பிழை எண். இந்த எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் வைத்தியங்கள் வரிசையாக வந்து விழும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துவிடு, எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறையை இயக்கு, பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்து, எவ்ரிஒன் என்ற பெயருக்கு முழு அனுமதி கொடு. ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் வேலை செய்யத் தொடங்கவும் கூடும். எது சரி செய்தது என்று தெரியாது. திறந்துவிட்ட மற்றவை எல்லாம் திறந்தபடியே கிடக்கும். இந்த முறையை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வீட்டில் இருக்கும் கணினிகளில் நம் குடும்பத்தின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. அதை இப்படிக் கையாளக் கூடாது.

அந்தப் பிழைச் செய்திக்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டேன், பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதற்கே தெரியாது. அதனால் நாம்தான் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு கணினிகளும் உண்மையில் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? இருந்தால், ஃபோல்டர் வைத்திருக்கும் கணினி 445ஆம் போர்ட்டில், அதாவது ஷேரிங்குக்கென்று உள்ள வாசலில், பதில் சொல்கிறதா? சொன்னால், கேட்கிற ஆளை அது அடையாளம் காண்கிறதா? கண்டால், அந்த ஆளுக்கு அந்த ஃபோல்டரில் என்ன உரிமை? முதல் கேள்விக்கு ஆமாம் என்று வராமல் இரண்டாவதைத் தொடுவதில் பயனில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் கணினியின் பெயர் தெரிவது வேறு, அந்தக் கணினியில் உள்ள ஃபோல்டரைத் திறக்க முடிவது வேறு. பெயர் தெரிய ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சர்வீஸ்கள் ஓட வேண்டும். அவற்றில் ஒன்று நின்றிருந்தாலும் பெயர் பட்டியலில் வராமல் போகலாம். பெயர் தெரியாமலே ஷேர் அருமையாக வேலை செய்யும். பெயர் தெரிந்தும் திறக்காமல் இருக்கும். மேலே முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்கு உள்ள எண்ணை, நேரடியாக அடித்துப் பாருங்கள். \\192.168.1.20 என்பது போல. அது சொல்வதுதான் உண்மை நிலவரம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இரண்டு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தேன். கீழே அக்காவின் லேப்டாப்பில் 192.168.1.34. மேலே என் டெஸ்க்டாப்பில் 192.168.0.11. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். ஒன்றில் 1, மற்றொன்றில் 0. கூடவே வரும் சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. அப்படியென்றால் முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால்தான் ஒரே நெட்வொர்க். இவை இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன.

காரணம் மாடியில் புதிதாக வந்த ரவுட்டர்தான். கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, மேலே இருப்பதன் வான் போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வருவதற்கான துளையில், செருகியிருந்தார்கள். அந்தப் போர்ட்டில் செருகினால் ரவுட்டர் தனக்கென ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கி, தனி முகவரிகளைக் கொடுத்து, தனக்குப் பின்னால் இருப்பவற்றை மறைத்துக்கொள்ளும். ரவுட்டரின் வேலையே அதுதான். இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அது நல்ல காவல். வீட்டுக்குள்ளேயே இரண்டாவதாக ஒன்று அப்படி நின்றால் வீடு இரண்டாகிவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பலரைக் குழப்புவதும் இதுதான். மேலிருந்து கீழே போக முடியும். கீழிருந்து மேலே வர முடியாது. என் டெஸ்க்டாப்பிலிருந்து 192.168.1.1 என்ற கீழ் ரவுட்டருக்கு பிங் செய்தால், அதாவது இருக்கிறாயா என்று ஒரு சிறு செய்தி அனுப்பிக் கேட்டால், உடனே பதில் வருகிறது. ஏனென்றால் என் ரவுட்டருக்குத் தெரியாத முகவரி எதுவானாலும் அதை அது கீழே தள்ளிவிடும், அங்கே அதற்கு உரியவர் இருக்கிறார். அக்காவின் லேப்டாப் 192.168.0.11ஐக் கேட்டாலோ, கீழ் ரவுட்டருக்கு அப்படி ஒரு நெட்வொர்க் மாடியில் இருப்பதே தெரியாது. அது அந்தக் கோரிக்கையை வெளியே, இணையம் வரும் பக்கம் அனுப்பிவிடும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் போன்ற தனி நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, பொது இணையத்தில் செல்லாது. கோரிக்கை வெளியே போய் அப்படியே மறைந்துவிடும். லேப்டாப் காத்திருந்து காத்திருந்து, பாத் கிடைக்கவில்லை என்று சொல்லும். இரு கணினிகளிலும் இணையம் மட்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் நெட்வொர்க்கில் கோளாறு இருக்கும் என்ற சந்தேகமே யாருக்கும் வராது.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: டிரேஸ்ஆர்ட்டி கட்டளைக்குப் பின் 8.8.8.8 என்று கொடுங்கள். இணையம் வரை செல்லும் வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தமும் வரிசையாக வரும். முதல் வரியில் 192.168.0.1, இரண்டாவது வரியில் 192.168.1.1 என்று இரண்டு வீட்டு முகவரிகள் அடுத்தடுத்து வந்தால், நடுவில் இரண்டு ரவுட்டர்கள் நிற்கின்றன என்று பொருள்.

தீர்வு, மேலே இருப்பதை ரவுட்டராக இருக்க விடாமல் வெறும் வைஃபை, கேபிள் இணைப்புப் பெட்டியாக மாற்றுவது. இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்களின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கள் மாடி ரவுட்டரில் அது இல்லை. அதனால் கையால் செய்தேன். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழ் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகள் எந்த எண்ணிலிருந்து தொடங்குகின்றன என்று முன்பே பார்த்துக்கொண்டு, அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் எண்ணாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் அதன் டிஎச்சிபியை, அதாவது தானாக முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்தேன். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டிலிருந்து பிடுங்கி, வீட்டுக் கணினிகளை மாட்டும் சாதாரண லான் போர்ட் ஒன்றில் செருகினேன். இந்த வரிசை முக்கியம். டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால், ஒரே நெட்வொர்க்கில் இருவர் முகவரி கொடுக்கத் தொடங்குவார்கள். வீட்டில் இருக்கும் ஃபோன்கள் ஒன்றுக்கு இணையம் வரும், இன்னொன்றுக்கு வராது, ஏன் என்று யாருக்கும் புரியாது.

டெஸ்க்டாப்பின் கேபிளைக் கழற்றி மாட்டினேன். 192.168.1.20 வந்தது. இப்போதுதான் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

ரவுட்டர் பக்கத்திலேயே பார்க்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. ஒரு கணினி கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தால் அது மற்றவற்றைப் பார்க்க முடியாது. விருந்தாளிகளுக்கான அந்த வைஃபை இருப்பதே அதற்காகத்தான். ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் என்ற வசதி இயங்கினால், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப்கள்கூட ஒன்றையொன்று பார்க்காது. முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று அர்த்தம். கேபிளையோ வைஃபையையோ முதலில் கவனியுங்கள். அலுவலக வேலைக்காக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். சில விபிஎன்கள் வீட்டு நெட்வொர்க்கை முழுவதுமாக மறைத்துவிடும்.

ரவுட்டரைச் சரி செய்ததும் அக்காவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதே செய்தி. ஆனால் அதே செய்திக்கு இப்போது காரணம் வேறு.

இந்த இடத்தில் பலரும் பிங் செய்து பார்த்துவிட்டு, பதில் இல்லை, இன்னும் இணைப்பு வரவில்லை என்று மறுபடி ரவுட்டருக்கே போய்விடுவார்கள். பிங்குக்குப் பதில் வந்தால் பாதை இருக்கிறது என்பது உறுதி. பதில் வராவிட்டால் பாதை இல்லை என்று சொல்ல முடியாது. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு மட்டும் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். கேட்க வேண்டியது ஷேரிங் நடக்கும் 445ஆம் போர்ட்டைத்தான். கீழே லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளை, டெஸ்க்டாப்பின் முகவரி, போர்ட் 445 என்று கொடுத்தேன். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் திறந்திருக்கிறது. ஃபால்ஸ் என்று வந்தது.

ரவுட்டரை மாற்றியதன் தொடர்ச்சி இது. விண்டோஸ் தனக்கு முன்பின் தெரியாத நெட்வொர்க் ஒன்றில் சேரும்போது அதைப் பப்ளிக் என்று வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் இதுவரை மாடி ரவுட்டருக்குப் பின்னால் இருந்தது. இப்போது கீழ் ரவுட்டரோடு நேராகப் பேசுகிறது. அதன் கண்ணுக்கு இது புது இடம். புது இடத்தில் ஃபைல் ஷேரிங்கை மூடி வைத்தது. அக்காவின் லேப்டாப் புதிது என்பதால் அதுவும் பப்ளிக்கில்தான் இருந்தது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், டெஸ்க்டாப்பில் ஈதர்நெட்டையும் லேப்டாப்பில் வைஃபை இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸையும் திறந்து, இரண்டையும் பிரைவேட் ஆக்கினேன். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் என்பதன் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் இயக்கினேன். மறுபடி சோதித்தால் ட்ரூ.

ஃபயர்வாலை நான் அணைக்கவில்லை. அணைக்க வேண்டிய தேவையே இல்லை. பிரைவேட் ஆக்கி ஷேரிங்கை இயக்கியதுமே, அதற்கான வழி நம் வீட்டு நெட்வொர்க்கில் உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கிறது. அதே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரயில் நிலைய வைஃபையில் சேர்ந்தால், அங்கே அது பப்ளிக்காகவே இருக்கும், மூடியே இருக்கும். இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும்போது மொத்தமாக அணைக்கச் சொல்வது எனக்குப் புரியவேயில்லை. தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் மட்டும் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். அதற்கெனச் சொந்த ஃபயர்வால் இருக்கலாம். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டியிருக்கும்.

எஸ்எம்பி 1 பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் மொழிதான் எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. முதல் பதிப்பு மிகப் பழையது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தாக்குதல் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். பிரிட்டனின் பொது மருத்துவமனைகள்கூட அதில் சிக்கித் தவித்தன. அது கணினிக்குக் கணினி பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாக, இதே 445ஆம் போர்ட்டில். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 தானாக வருவதில்லை. இப்போது வீட்டில் இருக்கும் இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கும் எஸ்எம்பி 3 தெரியும், அவை அதில்தான் பேசிக்கொள்ளும். எஸ்எம்பி 1ஐ இயக்குவதால் அவற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. மிகப் பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் ஒன்று அதை விட்டால் வேறு மொழி பேசாது என்றால், அதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே இருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கணினியில் மாட்டிவிடுங்கள். அதே அக்கறையோடு இதையும் சொல்கிறேன்: வெளியூரிலிருந்து படங்களைப் பார்க்கலாமே என்று ரவுட்டரில் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது.

மூன்றாவது கேள்வியில்தான் அக்கா பொறுமை இழந்தார். இப்போது திரையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டது. முன்னேற்றம்தான். டெஸ்க்டாப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது, நீ யார் என்று கேட்கிறது. அக்கா தன் லேப்டாப்பைத் திறக்கும் பின் எண்ணை அடித்தார். இல்லை என்றது. மறுபடி அடித்தார். இல்லை என்றது. "தினமும் போடுற நம்பர்தானே, ஏன் எடுத்துக்க மாட்டேங்குது?"

ஏனென்றால் அந்தப் பின் எண் அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே சொந்தம். அது அந்தக் கணினியை விட்டு வெளியே போகாது, நெட்வொர்க் வழியாக யாரையும் அடையாளம் காட்டாது. விரல் ரேகையும் முகமும் அப்படியே. இங்கே கேட்பது, ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியில் உள்ள ஒரு கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். பலர் அந்தக் கணக்கை பாஸ்வேர்டே இல்லாமல் வைத்திருப்பார்கள். அதுவும் நடக்காது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கால் கணினியின் முன்னால் உட்கார்ந்து உள்ளே போகலாம். நெட்வொர்க் வழியாக வர விண்டோஸ் விடாது. அடையாளமே சொல்லாமல் கெஸ்ட்டாக உள்ளே விடும் பழைய வழியையும் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ கணினிகளில் மூடிவிட்டது. பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்து என்ற பழைய அறிவுரை இன்று பலருக்கும் வேலை செய்யாததற்கு இது ஒரு காரணம்.

நான் செய்தது இது. டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய், அதர் யூசர்ஸில் புதிய ஆளைச் சேர்க்கச் சொல்லி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம், சாதாரண யூசராகவே இருக்கட்டும். பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் வைத்தேன். நீளமான பாஸ்வேர்டு கொடுத்தேன். என் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை அக்காவின் லேப்டாப்பில் சேமித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். நாளைக்கு அந்த லேப்டாப் தொலைந்துபோனால் இந்த ஒரு கணக்கை அழித்துவிட்டால் முடிந்தது.

கேட்கும் இடத்தில் வெறும் பெயரை அடிக்காமல், டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அப்புறம் கணக்கின் பெயர் என்று அடியுங்கள். எந்தக் கணினியின் கணக்கு என்பதில் சந்தேகமே இருக்காது. முன்பு சேமித்த பழைய பாஸ்வேர்டு ஏதாவது லேப்டாப்பில் இருந்தால் கேட்காமலே அதை அனுப்பி, கேட்காமலே தோற்றும் போகும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, டெஸ்க்டாப்பின் பெயரிலோ முகவரியிலோ இருக்கும் பதிவுகளை நீக்கிவிடுங்கள். 1219 என்ற பிழை எண் வந்தால், ஒரே கணினிக்கு ஏற்கெனவே வேறு பெயரில் ஓர் இணைப்பு திறந்திருக்கிறது என்று பொருள். நெட் யூஸ் கட்டளையில் டெலீட் கொடுத்து அதை வெட்டிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

ஃபோல்டர் திறந்தது. படங்கள் வந்தன. அக்கா முதல் படத்துக்குப் பெயர் மாற்றப் போனார், அனுமதி இல்லை என்றது.

இது சின்ன விஷயம். விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அனுமதிப் பட்டியல்கள் உண்டு. ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்தில் இருப்பது ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் இருப்பது இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் புதிதாக ஷேர் செய்தால் எவ்ரிஒன் பெயரில் படிக்க மட்டுமே அனுமதி இருக்கும். செக்யூரிட்டியில் என்ன கொடுத்தாலும் இங்கே ரீட் என்று இருந்தால் படிக்கத்தான் முடியும். எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு, புதுக் கணக்குக்கு ஷேரிங்கில் சேஞ்ச், செக்யூரிட்டியில் மாடிஃபை கொடுத்தேன். ஃபுல் கன்ட்ரோல் கொடுக்கவில்லை. பெயர் மாற்ற, சேமிக்க, நீக்க மாடிஃபையே போதும். அனுமதிகளை மாற்றும் உரிமை யாருக்கும் வேண்டியதில்லை.

வேலை செய்யத் தொடங்கியதோடு விட்டுவிட்டால் அடுத்த வாரம் முகவரி மாறி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் கீழ் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில், என் டெஸ்க்டாப்பின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் இணைப்புக்கு உள்ள தனி அடையாள எண்) 192.168.1.20 என்று நிரந்தரமாக ஒதுக்கிவைத்தேன். பிறகு அக்காவின் லேப்டாப்பில் \\192.168.1.20\படங்கள் என்பதை மேப் நெட்வொர்க் டிரைவ் மூலம் இசட் டிரைவாக இணைத்தேன். ஷேரின் பெயர் தமிழில் இருப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. டெஸ்க்டாப் தூங்கப் போனால் இசட் டிரைவும் காணாமல் போகும். பவர் செட்டிங்ஸில் திரை அணையட்டும், கணினி மட்டும் தூங்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். பெரிய ஃபோல்டர் ஒன்றை எடுக்கும்போது விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவேயில்லை. இந்த எண்ணைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். 100 மெகாபிட் இணைப்பின் உச்சம் அதுதான். கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 எம்பி வரை வரும். 400 படங்கள் கொண்ட ஒரு ஃபோல்டர் ஏறக்குறைய 10 ஜிபி என்றால், முதலாவதில் கால் மணி நேரம், இரண்டாவதில் ஒன்றரை நிமிடம் சொச்சம். இரண்டு ரவுட்டர்களிலும் கிகாபிட் போர்ட்தான் இருந்தது. நடுவே மாடிக்கு இழுத்த கேபிளில்தான் குறை. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் தொடர்பில் இருக்க வேண்டும். நான்கு மட்டும் சேர்ந்தால் இணைப்பு அறுந்துவிடாது, 100க்கு இறங்கிச் சத்தமில்லாமல் ஓடும். ஒரு முனையில் புது கனெக்டர் போட்டதும் ஏறிவிட்டது. கீழே லேப்டாப் வைஃபையில் இருப்பதால் முழு வேகம் கிடைக்காது. பெரிய தொகுப்பை எடுக்கும்போது மட்டும் அக்கா அதில் ஒரு கேபிளைச் செருகிக்கொள்கிறார்.

கடைசியாக ஒன்று, அக்காவிடம் நான் அழுத்திச் சொன்னது. இசட் டிரைவில் ஒரு படத்தை நீக்கினால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. லேப்டாப்பின் தொட்டியிலும் இருக்காது, டெஸ்க்டாப்பின் தொட்டியிலும் இருக்காது. நேராகப் போய்விடும். அதே போல, லேப்டாப்பில் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் ஏதாவது புகுந்தால், அக்காவுக்கு எழுத அனுமதி இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அதற்கும் அனுமதி உண்டு. அதனால் ஷேர் செய்யாத தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படங்கள் ஃபோல்டரை ஒவ்வொரு வேலை நாளின் முடிவிலும் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை கொண்டு நகலெடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். மிர் என்ற தேர்வை அதில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்தால் மூலத்தில் நீக்கப்பட்ட படத்தை அது நகலிலிருந்தும் நீக்கிவிடும். பெயர் மாற்றிய படங்களின் பழைய எண் பெயர்களும் நகலில் சேர்ந்துகொண்டே போகும், இடம் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்கட்டும். அப்பாவின் நெகட்டிவ்களில் பாதி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்டன. இவற்றை மறுபடி ஸ்கேன் செய்ய முடியாது.